எழுநூற்றுப் பதினான்கு துளி

அத்தியாயம் ஒன்பது

சுவர் சூடாகத்தான் இருந்தது.

கண் விழித்ததும் அண்ணி செய்கிற முதல் காரியம் அது. கட்டிலில் அவன் படுத்த பக்கத்துக்கு நகர்ந்து சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் பின்னறை. அங்கே நான்கு மெஷின்கள் இரவு பகல் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தன. அந்த வெப்பம் செங்கலைத் தாண்டி இந்தப் பக்கம் வரும். ஆள் எழுந்து போன படுக்கையில் கொஞ்ச நேரம் தங்குமே, அந்த அளவுக்குச் சூடு.

அவன் எழுந்து போய் மூன்று மாதம் ஆகிறது.

நாத்தனார் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவள் வேலை பார்க்கும் மருந்துக் கடையில்கூட அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. அவளுடைய புருஷன் ஏ.சி. மெக்கானிக். ஊரார் வீட்டு அறைகளையெல்லாம் குளிர வைத்தவன், சொந்த வீட்டில் பிட்காயின் தோண்டும் மெஷின்களை வாங்கிப் போட்டு ஓர் அறையை அடுப்பாக்கிவிட்டான். நான்கு வருஷம் அவை சேர்த்துக் கொடுத்ததெல்லாம் அவன் வேலைக்குப் போகும்போதும் வேனில் கூடவே கொண்டுபோகும் பழைய லேப்டாப்பில் ஒரு கடவுச்சொல்லுக்குப் பின்னால் பூட்டிக் கிடந்தது. நாலாவது மாடியின் வெளிப்புறத்தில் ஒரு ஏ.சி. பெட்டியைப் பிரிக்கும்போது கீழே விழுந்தவன், கடவுச்சொல்லையும் கூடவே எடுத்துப் போய்விட்டான்.

இடுப்பில் மாட்ட வேண்டிய பெல்ட், வேனில் சுருட்டியபடி இருந்தது.

அந்தப் பெல்ட்டைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. அன்று காலை நடந்த சண்டையைப் பற்றியும். "ஒண்ணு, இந்தச் சத்தம் இந்த வீட்ல இருக்கணும். இல்லேன்னா நான் இருக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க" என்று அண்ணி கத்தியிருந்தாள். பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். மத்தியானம் பன்னிரண்டு ஐந்துக்கு விழுந்தான்.

வழுக்கினானா, கையை விட்டானா?

அது தெரியாமல்தான் அவள் தினமும் சுவரைத் தொட்டுப் பார்க்கிறாள். அவனுடைய விளிம்பு உடைந்த போனை இழுப்பறையில் வைத்து, சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்கிறாள். அந்தப் போனில் கடைசி அழைப்பு, பெயர் இல்லாத ஓர் எண்ணுக்குப் போயிருந்தது. பன்னிரண்டு நாலுக்கு. ஒரே ஒரு நிமிடம். அந்த எண்ணைத் திரும்பக் கூப்பிட அவளுக்கு இதுவரை தைரியம் வந்ததில்லை.

சுவருக்கு அடுத்தபடி அவளுடைய சொந்தப் போன். சேர்ந்த தொகையை மட்டும் காட்டுகிற ஓர் ஆப்பை அவன் அதில் போட்டுக் கொடுத்திருந்தான். பார்க்கலாம், எடுக்க முடியாது. பிட்காயின் காசின் மிகச் சிறிய பங்கை அவன் 'துளி' என்பான். தினமும் காலையில் துளிகள் கொஞ்சம் ஏறியிருக்கும். மெஷின் நிற்காத வரை ஏறும். "இன்னும் சம்பாதிக்கிறார் பாருங்க" என்று ஒரு தடவை வாய்தவறி மாமனாரிடம் சொல்லிவிட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்று ஆப்பைத் திறந்தாள்.

எட்டு இலக்கம் இருந்த இடத்தில் ஆறு இலக்கம்தான் இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். கீழே இதுவரை இல்லாத ஒரு வரி புதிதாக இருந்தது. நேற்றுப் பிற்பகல். அனுப்பியது: எழுநூற்றுப் பதினான்கு துளி.

அவள் கை தானாகச் சுவரை விட்டு நகர்ந்தது.

"மாமா!" என்று கத்தினாள். "மாமா, இங்க வாங்களேன்!"

*

பெரியவர் பின்னறையில்தான் இருந்தார். மகன் போனதிலிருந்து மெஷின்களின் தூசி தட்டுவது அவர் வேலை. கல்குவாரி வாசலில் லாரிகளை எடை போடும் எடைமேடைக்காரராக முப்பத்தோரு வருஷம் இருந்தவர். தூசியோடு பழகியவர். கையில் பெயின்ட் பிரஷ்ஷோடு வந்து நின்றார்.

"என்னம்மா?"

"யாரோ எடுத்திருக்காங்க மாமா. இல்ல… யாரோ இல்ல."

சின்னவள் வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தாள். நாத்தனார் அவள்தான், வீட்டுக்குக் கடைசிப் பெண். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். எதையும் மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்காமல் நம்ப மாட்டாள். போனைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"கடவுச்சொல் இல்லாம எப்படி எடுக்க முடியும்? யாருக்குமே தெரியாதே."

"அவருக்குத் தெரியும்" என்றாள் அண்ணி.

சின்னவள் வாயிலிருந்த நுரையை அப்படியே விழுங்கினாள்.

"அண்ணி, காலங்கார்த்தால இப்படிப் பேசாதீங்க."

"எழுநூத்திப் பதினாலுடி. வேற யாருடி அந்த நம்பரைப் போடுவா? எது அனுப்பினாலும் கட்டணம் எழுநூத்திப் பதினாலுதான் போடுவார். ஏன்னு கேட்டா சிரிப்பார். அது அவரோட நம்பர்."

பெரியவர் பிரஷ் மயிரில் ஒட்டியிருந்த தூசியை விரலால் நிமிண்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்களாவது ஏதாவது சொல்லுங்க."

"மூணாவது மெஷின் ஃபேன்ல அடைப்பு" என்றார். "பார்த்துட்டு வரேன்."

போய்விட்டார்.

*

ஒன்பது மணிக்கு ரவுண்டு வந்தான். நிஜப் பெயர் என்னவென்று அவனுக்கே மறந்திருக்கும். தெருவில் ரவுண்டு வரும்போது முதலில் வயிறு வரும், பின்னால் ஆள் வருவான் என்று அண்ணியின் புருஷன் கிண்டல் செய்வான். பழைய மெஷின்களை வாங்கி விற்கிறவன். அண்ணியின் புருஷனுக்கு இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவனே ரவுண்டுதான். எப்போதும் உரக்கப் பேசுகிறவன், இன்று வாசற்படியில் நின்று குரலைத் தாழ்த்தினான்.

"தங்கச்சி, நான் குடிக்கலே. முதல்லயே சொல்லிடறேன்."

"உள்ள வாங்க."

"நேத்து மத்தியானம் எனக்குப் பணம் வந்திருக்கு. உன் வீட்டுக்காரர் லேப்டாப்புல இருக்கற காசுப் பெட்டியிலேர்ந்து. இன்னிக்குக் காலைலதான் பார்த்தேன். எழுநூத்திப் பதினாலு துளி. ஒரு டீக்கு வரும், பன்னுக்கு வராது." நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "உயிரோட இருக்கறப்ப ஒரு டீ வாங்கிக் கொடுத்தவன் இல்ல. செத்தப்புறம் அனுப்பறான்."

"மீதி எங்கே?" என்று கேட்டாள் சின்னவள். "எழுநூறு உங்களுக்கு வந்துச்சு. கோடித் துளி எங்க போச்சு, ரவுண்டண்ணே?"

"ஏம்மா, என்னையா கேக்கறே?"

"உங்களுக்குத்தானே வந்திருக்கு?"

"எனக்கு வந்தது டீக்காசும்மா!" அவன் நாற்காலியில் உட்கார, அது முனகியது. "மீதி பூரா கட்டணமாப் போயிருக்கு. அனுப்ப வேண்டியதைக் கட்டணத்துலயும், கட்டணத்தை அனுப்பற இடத்துலயும் போட்டுட்டாங்க. தலைகீழா."

அண்ணிக்குப் புரியவில்லை. ரவுண்டு மேசையில் கிடந்த ஒரு நோட்டீசைத் திருப்பி வைத்துக்கொண்டான்.

"இது ஒரு பக்கம்னு வெச்சுக்க. உலகத்துல யார் யாருக்கு அனுப்பினாலும் இதுல ஒரு வரி எழுதணும். பத்து நிமிஷத்துக்கு ஒரு பக்கம், அவ்வளவுதான். பக்கத்துக்கு முத்திரை வைக்கறதுக்குத்தான் மெஷினெல்லாம் போட்டி போடுது. முதல்ல முத்திரை வெச்சவனுக்குப் புதுசா கொஞ்சம் காசு பிறக்கும். அது பரிசு. அதோட அந்தப் பக்கத்துல வரி எழுதினவங்க எல்லாரும் குடுக்கற கட்டணமும் அவனுக்குத்தான். பக்கத்துல இடம் கம்மி. கட்டணம் கூடப் போட்டவன் முதல்ல ஏறுவான். கம்மியாப் போட்டவன் வரிசையில நிப்பான்."

"இவர் எப்பவும் நிப்பார்" என்றாள் அண்ணி.

"ஆமா, உன் வீட்டுக்காரர் எவ்வளவு கூட்டமா இருந்தாலும் எழுநூத்திப் பதினாலுக்கு மேல ஒரு துளி தரமாட்டான். 'நிக்கட்டும்டா, எனக்கென்ன ரயிலா போயிடும்'பான். ரெண்டு நாள்கூட நின்னிருக்கு." ரவுண்டு சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "அப்பேர்ப்பட்டவன் ஒரே கட்டணமா அத்தனையும் போட்டா, யாருக்குத்தான் பயம் வராது?"

"முத்திரை வெச்சது யாரு?"

"அதுதான் இன்னொரு கூத்து. ஒத்தை ஆள் முத்திரை வைக்கறது நடக்காத காரியம். ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து ஒரு குழுவா வேலை செய்வாங்க, கிடைச்சதைப் பங்கு போட்டுப்பாங்க. நேத்து அந்தப் பக்கத்துக்கு முத்திரை வெச்ச குழு இருக்கே…" ரவுண்டு பின்னறைப் பக்கம் கையைக் காட்டினான். "இந்த நாலு மெஷினும் அதுலதான் இருக்கு."

பின்னறையின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"அப்போ அவர் குடுத்ததை அவரே வாங்கிக்கிட்டாரா?" என்றாள் அண்ணி. அவள் முகத்தில் மூன்று மாதமாக இல்லாத ஒரு வெளிச்சம் இருந்தது. அதைப் பார்க்கத்தான் சின்னவளுக்குப் பயமாக இருந்தது.

"அப்படி இல்ல தங்கச்சி. குழுக்காரங்க நல்லவங்க போல. இவ்வளவு பெரிய கட்டணம் தப்பாத்தான் வந்திருக்கும்னு ஒதுக்கி வெச்சு, காலைல அறிவிப்புப் போட்டிருக்காங்க. பதினஞ்சு நாள் டைம். அனுப்பினவங்க அதே பெட்டியிலேர்ந்து 'இது நான்தான்'னு ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பணும். போட்டா திருப்பித் தருவாங்க. யாரும் வரலேன்னா எல்லா மெஷினுக்கும் பங்கு போட்டுடுவாங்க."

"கையெழுத்துக்குக் கடவுச்சொல் வேணுமா?"

"வேணும். அதாவது, நேத்து தப்புப் பண்ணினவர் யாரோ, அவர் வந்தாத்தான் உண்டு."

பின்னறையில் பிரஷ் தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

*

அண்ணி கடைக்கு லீவு சொல்லிவிட்டாள். நாள் முழுக்க அவள் செய்ததெல்லாம் வீட்டைப் பெருக்கியதும், அவனுடைய சட்டைகளை எடுத்து மறுபடி மடித்து வைத்ததும்தான். நடுநடுவே அவள் உதடு அசைந்தது. யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வது போல.

சின்னவள் வேலைக்குப் போனாள். வீட்டில் இருந்தால் அவளும் அப்படிப் பேச ஆரம்பித்துவிடுவாள் போலிருந்தது.

பிற்பகல் இரண்டரை மணி. லென்ஸ் தேய்க்கும் சக்கரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த லென்ஸுக்கான சீட்டை எடுத்துப் பார்த்தவளுக்கு ஏதோ உறுத்தியது. போன தடவை அதே வாடிக்கையாளருக்கு வலது கண்தான் மோசம். இதில் இடது கண் மோசம் என்று இருந்தது. சீட்டில் வலது கண் எப்போதும் மேல் வரியில், இடது கண் கீழ் வரியில். அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

மருத்துவர் அறைக்குப் போன் செய்தாள்.

"ஐயோ, புதுப் பொண்ணும்மா" என்றார்கள் அங்கே. "முன்னாடி இருந்த இடத்துல இடது கண்ணை மேல எழுதுவாங்களாம். கை அதுபாட்டுக்கு எழுதிடுச்சு. நல்ல வேளை கேட்டே."

கை அதுபாட்டுக்கு எழுதிடுச்சு.

சின்னவள் போனை வைத்துவிட்டு நின்றாள். சக்கரம் வெறுமனே சுற்றியது.

வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். பெரியவரின் ரத்த அழுத்தம். வாரம் ஒரு தடவை அவரே எழுதுவார். எழுதும்போதெல்லாம் சின்ன எண்ணை மேலே எழுதிக் கோடு போட்டுப் பெரிய எண்ணைக் கீழே எழுதுவார். எண்பது மேலே, நூற்று நாற்பது கீழே. கிளினிக்கில் நர்ஸ் சிரித்திருக்கிறாள். "ஐயா, தலைகீழா எழுதியிருக்கீங்க." அவர் விட்டுக்கொடுக்கவில்லை. "காலி வண்டிதான்மா முதல்ல உள்ள வரும். லோடு ஏத்திக்கிட்டு அப்புறம்தானே வெளிய போகும்."

முப்பத்தோரு வருஷம். முதலில் சின்ன எண், அப்புறம் பெரிய எண்.

அவள் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"அண்ணே, எனக்கு வீட்டுக்குப் போகணும்" என்றாள் கடைக்காரரிடம்.

"தலைவலியா?"

"இல்ல. அப்பாவுக்கு."

*

பெரியவர் பின்னறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வெளியே போகும் காற்று அவர் சட்டையை முதுகிலிருந்து தூக்கித் தூக்கிப் போட்டது. சின்னவள் எதிரே வந்து நின்றதும், கேட்காமலே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"உன் அண்ணிகிட்ட சொல்லிட்டியா?"

"நீங்கதான் சொல்லணும்ப்பா."

"எப்படிச் சொல்றது? பார்த்தியா அது மூஞ்சிய? கல்யாணத்தன்னிக்குக்கூட அப்படி இருக்கலே."

"பதினஞ்சு நாள்தான்ப்பா இருக்கு."

"பணம் கிடக்கட்டும்டி." அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "பணத்துக்கா பயப்படறேன்?"

அண்ணி கூடத்தில் நின்றிருந்தாள். கையில் அவனுடைய நீலச் சட்டை. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது.

"மாமா" என்றாள். "எதுக்குப் பயப்படறீங்க?"

பெரியவர் எழுந்தார். மேசைக்கு வந்து உட்கார்ந்தார். இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டார், யாரோ சோதனை போடப் போவது போல.

"ஃபேன் சட்டத்தைக் கழட்டித் துடைக்கறப்போ பின்னால ஒரு தகடு இருந்தது. ஆணியால ஒவ்வொரு எழுத்தா அடிச்சு எழுதியிருந்தான். அதுதான் கடவுச்சொல். பத்து நாள் ஆச்சு."

அண்ணி அசையவில்லை.

"நீ சொல்லுவியே, அவன் இன்னும் சம்பாதிக்கிறான்னு. சுவர்ல கை வெச்சுக்கிட்டுப் படுத்திருப்பியே, கதவு திறந்திருந்தா தெரியும்மா எனக்கு. முப்பத்திரண்டு வயசு உனக்கு. மெஷினை நிறுத்துன்னு நான் சொன்னா நீ நிறுத்துவியா? அவன் கணக்கை எடுத்து முடிச்சுட்டான், வேலை விட்டாச்சுன்னு உனக்குத் தோணணும்னு நெனச்சேன். ரவுண்டுக்கு அனுப்பினா அவன் உன் கையில பணமாக் குடுப்பான். அப்புறம் நீயே நிறுத்திடுவேன்னு." மூச்சு வாங்கினார். "பழசெல்லாம் எப்படி அனுப்பியிருக்கான்னு பார்த்துப் பார்த்துத்தான் பண்ணினேன். ரெண்டு கட்டம் இருந்தது. கை அதுபாட்டுக்குச் சின்னதை முதல்ல போட்டுடுச்சு."

"எச்சரிக்கை வந்திருக்குமேப்பா?" என்றாள் சின்னவள். "சிவப்புல?"

"வந்தது. எங்க மேடையில எடை ஆடாம நின்னாத்தான் சிவப்பு லைட்டு எரியும். எரிஞ்சா எழுதிக்கலாம்னு அர்த்தம்." அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "அழுத்திட்டேன்."

"எழுநூத்திப் பதினாலு?" அண்ணியின் குரல் எங்கோ இருந்து வந்தது. "அது உங்களுக்கு எப்படித் தெரியும்? பழசைப் பார்த்துப் போட்டீங்களா?"

"பார்த்துதான். ஆனா அது அவன் நம்பர் இல்லம்மா. என் நம்பர். தினமும் காலைல மேடை சரியா காட்டுதான்னு ஒரு பழைய தண்ணி லாரியை ஏத்திப் பார்ப்போம். காலியா ஏழாயிரத்து நூத்தி நாப்பது கிலோ. எடை காட்டற பலகையில கடைசி சைபர் பெயின்ட்ல எழுதினது, மாறவே மாறாது, அதனால எழுநூத்திப் பதினாலுன்னுதான் சொல்லுவோம். லீவு நாள்ல இவனைக் கூட்டிட்டுப் போவேன். நம்பர் நிக்கறதுக்கு முன்னாடியே கத்துவான், 'எழுநூத்திப் பதினாலு! எல்லாம் சரி, வண்டியை விடலாம்!'னு. இதுலயும் அதைத்தான் போட்டிருக்கான்னு நேத்துதான்மா எனக்கே தெரியும்."

அண்ணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ… அவர் இல்லையா?"

பெரியவர் இல்லை என்று தலையசைத்தார்.

"காலைலேர்ந்து இருந்தார் மாமா" என்றாள். "ஒரு நாள் பூரா இருந்தார். கோபம் போயிடுச்சு போலன்னு நெனச்சேன். கோபம் இருந்தா அனுப்புவாரான்னு…" சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பணம் போனதற்கு அழாதவள், அது திரும்பி வரும் என்று தெரிந்த பிறகு அழுதாள்.

*

நான்கு மணிக்கு ரவுண்டைக் கூப்பிட்டார்கள். விஷயத்தைக் கேட்டதும் முதலில் பெரியவர் காலைத் தொட்டான், அப்புறம் அவரைத் திட்டினான்.

"ஏம்ப்பா, ஒரு வார்த்தை எங்கிட்ட கேக்கக்கூடாதா? நானு காலைலேர்ந்து சாமி படத்துக்கு விளக்குப் போட்டுக்கிட்டிருக்கேன்!"

"விளக்கு வீணாப் போகாதுடா. உக்காரு."

பழைய லேப்டாப் திறந்தது. பெரியவர் சட்டைப் பையிலிருந்து தகட்டை எடுத்து வைத்தார். அரிசிமணி அளவு சிறிய எழுத்துகள், ஒவ்வொன்றும் நேராக, அளந்து அடித்தவை. அண்ணி அவற்றை விரலால் தடவினாள். சின்னவள் ஒவ்வொன்றாகத் தட்டினாள். பெட்டி திறந்தது.

"கையெழுத்துக்கு இங்கே அழுத்தணும்" என்றான் ரவுண்டு. "என்ன எழுதணும்னு நான் சொல்றேன். 'இந்தக் கட்டணம் தவறுதலாக…'"

"இரு" என்றாள் சின்னவள். "இது என்ன?"

பட்டியலில் பெரியவர் அனுப்பியது பச்சையில் இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி மட்டும் சாம்பல் நிறத்தில்.

"அது நேத்தே அப்படித்தான் இருந்தது" என்றார் பெரியவர். "மீதி கொஞ்சம் எடுக்க விடலே. இதுக்காகப் பூட்டி வெச்சிருக்குன்னு காட்டிச்சு. எனக்குப் புரியலே, விட்டுட்டேன்."

ரவுண்டு கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் திரையருகே குனிந்தான்.

"என்ன ரவுண்டண்ணே?"

"அனுப்பினது, முத்திரை விழலே. வரிசையில நிக்குது." அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினான். "கட்டணம் எழுநூத்திப் பதினாலு. அந்த வாரம் கூட்டம் எகிறிப் போச்சு, எனக்கு ஞாபகம் இருக்கு. அந்தக் கட்டணத்துக்கு எவனும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டான். ரொம்ப நாள் நின்னா வரிசையிலேர்ந்தே தள்ளிடுவாங்க. ஆனா இந்தப் பெட்டியைத் திறந்தா, அதுவே மறுபடி கொண்டுபோய் நிறுத்தும். நேத்து அப்பா திறந்தாரில்ல? நேத்துலேர்ந்து மறுபடி நிக்குது."

"எந்தத் தேதி?" என்று கேட்டாள் அண்ணி.

சின்னவள் வரியை அழுத்தினாள். தேதி விரிந்தது. எல்லோருக்கும் மனப்பாடமான தேதி.

காலை பதினொன்று நாற்பது.

விழுவதற்கு இருபத்தைந்து நிமிடம் முன்னால்.

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எதற்காக என்று ஒரு குறிப்பு எழுதிவைப்பது அவன் பழக்கம். சின்னவள் குறிப்பைத் திறந்தாள். படித்தாள். லேப்டாப்பை அண்ணி பக்கம் திருப்பினாள்.

*சத்தம் போடாத ஃபேன், நாலு. அவ கேட்டா சொல்லக்கூடாது. மாட்டினப்புறம் பார்த்துக்கட்டும்.*

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். ரவுண்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனான்.

யோசித்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாள். அவன் யோசித்திருக்கிறான். சொல்லியும் இருக்கிறான். கட்டணம் போதாமல் அவனுடைய பதில் மூன்று மாதம் வரிசையில் நின்றிருக்கிறது.

"தங்கச்சி" என்றான் ரவுண்டு ஜன்னலைப் பார்த்தபடி, "இதை ரத்து பண்ணிடலாம். கட்டணம் கூடப் போட்டு உங்களுக்கே திருப்பி அனுப்பிக்கிட்டா முடிஞ்சுது. ஆளே இல்லாதப்போ ஃபேன் எதுக்கு?"

"வேண்டாம்."

"பணம்…"

"நிக்கட்டும்ணே" என்றாள் அண்ணி. "ரயிலா போயிடும்?"

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் அழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னறையில் நான்கு மெஷின்களும், வேறு எங்கெங்கோ யார் யார் வீட்டுப் பின்னறைகளிலோ இருக்கிற ஆயிரம் மெஷின்களும், ஒரு பக்கத்துக்கு முத்திரை வைக்க முட்டி மோதிக்கொண்டிருந்தன.

ரவுண்டு சொன்னபடி கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிட்டு, சின்னவள் டீ போட்டாள். யாரும் குடிக்கவில்லை. ஒரு பக்கம் போனது. இன்னொரு பக்கம் போனது.

நாலே முக்காலுக்குச் சாம்பல் வரி பச்சையானது.

எந்தச் சத்தமும் இல்லாமல் நிறம் மட்டும் மாறியது. பெரியவர்தான் முதலில் பார்த்தார். அவர் உதடு மெல்ல அசைந்தது.

"எல்லாம் சரி" என்றார். "வண்டியை விடலாம்."

அண்ணி எழுந்து நேராகப் பின்னறைக்குப் போனாள். முதல் மெஷினின் சுவிட்சில் கை வைத்தாள். மூன்று மாதமாக யாரையும் தொட விடாத சுவிட்ச். அழுத்தினாள். இரைச்சலில் கால்வாசி குறைந்தது. இரண்டாவது. மூன்றாவது. நான்காவதை அழுத்தியதும் வீடு முழுக்க ஓர் அமைதி வந்தது. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் வைக்கிற சத்தம்கூடக் கேட்டது. இந்த வீட்டில் நான்கு வருஷமாகக் கேட்காத சத்தம்.

அந்த அமைதியில்தான் அது கேட்டது. படுக்கையறையில், இழுப்பறைக்குள், மரத்தில் எதுவோ அதிர்ந்தது.

அவனுடைய போன்.

சின்னவள் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்துதான் இழுப்பறையைத் திறந்தார்கள். உடைந்த விளிம்புக்குள் திரை எரிந்துகொண்டிருந்தது. ஒரு குறுஞ்செய்தி. பெயர் இல்லாத எண். கடைசியாகப் பேசிய அதே எண்.

*பணம் இப்பதான் வந்துச்சு சார். ஃபேன் நாலும் எடுத்து வெச்சிருக்கேன். எந்த அட்ரஸுக்கு அனுப்பணும்?*

பன்னிரண்டு நாலு. ஒரு நிமிடம். இத்தனை நாள் பயந்த எண் ஒரு ஃபேன் கடைக்காரருடையது.

"அண்ணி, நாளைக்குப் பேசிக்கலாம்" என்றாள் சின்னவள்.

அண்ணி ஏற்கெனவே அழுத்திவிட்டிருந்தாள்.

மறுமுனை முதல் மணியிலேயே எடுத்தது. அந்த அமைதியில், ஸ்பீக்கர் போடாமலே, கதவருகே நின்ற பெரியவருக்கும் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"சார்! நீங்களா சார்? அப்பாடா!" என்றது ஒரு வயதான ஆளின் குரல். "அன்னிக்குப் பேசிட்டிருக்கும்போதே லைன் கட்டாயிடுச்சு. அப்புறம் உங்களைக் கூப்பிட எனக்குப் பயமா இருந்துச்சு. யாரோ பக்கத்துலேர்ந்து உங்களைக் கூப்பிட்டாங்களே, நீங்ககூட 'இரு, வராதே, கம்பி வழுக்குது'ன்னு கத்தினீங்களே… அது யாரு சார்?"